குஞ்சு இறங்கும் இடம்

பவளத்திட்டில் மீன் கணக்கெடுக்கும் எங்களில் பலர் கண்ணில் படும் பெரிய மீன்களையே எண்ணிவிட்டு வருகிறோம். விரல்நகம் அளவுக் குஞ்சு கிளைப் பவளத்துக்குள் பதுங்கிவிடும். இனம் கண்டறிவதும் எளிதல்ல. ஆனாலும் திறந்த கடலிலிருந்து வரும் அந்தக் குஞ்சு எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்தே ஒரு திட்டில் நாளை என்ன மீன் இருக்கும் என்பது அமையும். பப்புவா நியூ கினியாவின் கிம்பே விரிகுடாவில் எட்டு ஆண்டுகளில் உயிர்ப்பவளம் பெருமளவு அழிந்தது. கூடவே, முக்கால் பங்குக்கும் மேற்பட்ட மீனினங்கள் குறைந்தன என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. மீன்பிடித் தடை இருந்த பகுதிகளிலும் இதே சரிவுதான். வலையும் தூண்டிலும் இல்லாத இடத்தில் மீன் குறைந்தால் பழியை மீனவர் தலையில் போட முடியாது. குஞ்சுப் பருவத்தில் உயிர்ப்பவளத்தை எந்த இனம் எவ்வளவு நாடியதோ அந்த அளவுக்கு அந்த இனம் சரிந்திருந்தது.

குஞ்சு எங்கே தேர்ந்தெடுக்கிறது, நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் ஒண்டிக்கொள்கிறது, அவ்வளவுதானே என்பார்கள். முட்டையிலிருந்து வெளிவந்து பல வாரம் திறந்த கடலில் அலையும் உயிர் என்பதால் இந்த ஐயம் நியாயமானதே. ஆனால் கரைசேரும் பருவத்துக் குஞ்சு நன்றாக நீந்தும், கேட்கும், மோப்பமும் பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் ஆய்வாளர்கள் மணற்பரப்பில் சிறு திட்டுகளை அமைத்துச் சிலவற்றில் மட்டும் பவளத்திட்டின் இரைச்சலை ஒலிபரப்பினார்கள். சொடுக்கு இறாலும் மீன்களும் எழுப்பும் இரைச்சல் அது. ஒலித்த திட்டுகளுக்கே அதிகக் குஞ்சுகள் வந்தன என்று 2005இல் எழுதினார்கள். பவளம் வெளிறிச் சிதைந்தபின் பதிவு செய்த ஒலிக்கு முன்பிருந்த ஈர்ப்பு இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. அழிந்த திட்டு தன் குரலையும் இழக்கிறது.

அப்படியானால் ஒலிபெருக்கியே போதுமே என்று கேட்கத் தோன்றும். 2019இல் வெளியான சோதனையில் இறந்த பவளத் துண்டுகளைக் குவித்து 40 நாள் ஒலிபரப்பியதில், ஒலி இல்லாத குவியல்களைப்போல இரு மடங்கு மீன் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் இறங்கிய முதல் ஓரிரு நாளிலேயே ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன. ஒலி அழைத்து வரும், ஒளிய இடம் தராது. பவளம் மீளும்வரை கைகொடுக்கும் துணை என்பதற்கு மேல் அதை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தடைப்பகுதிக்கு எல்லை வரைபவர்கள், எங்கே பெரிய மீன் திரிகிறது என்பதோடு எங்கே குஞ்சு இறங்குகிறது என்றும் கேட்க வேண்டும். எங்கள் கணக்கெடுப்புத் தாளிலும் குஞ்சுக்கும் உயிர்ப்பவளத்துக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.