ஓசையின்றிக் குறையும் எண்ணெய்



எண்ணெய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் சபையாருக்கு முதலில் நினைவுக்கு வருவது அபிஷேகமே. ஆரோனின் தலையில் வார்க்கப்பட்ட எண்ணெய், சாறிபாத் விதவையின் கலயத்தில் குறையாதிருந்த எண்ணெய், புத்தியுள்ள ஐந்து கன்னிகைகள் தங்கள் பாத்திரங்களில் கொண்டுபோன எண்ணெய் ஆகியவற்றைக் குறித்து எத்தனையோ செய்திகளைக் கேட்டிருக்கிறோம். நான் எழுதப்போவதோ ஸ்கூட்டரின் எஞ்சினில் ஊற்றுகிற எண்ணெயைக் குறித்து. அதன் மூலமாகக் கர்த்தர் எங்கள் குடும்பத்திற்கு ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தார். நகரத்தில் வண்டியை நம்பிப் பிழைக்கிற நம் ஜனங்களுக்கும் அது பயன்படும் என்று நம்புகிறேன்.

மும்பையில் சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் எங்களுக்கு இட்லி மாவு விற்பதே தொழில். விடியுமுன் மாவை அரைத்துப் பைகளில் கட்டி, அந்தாப்ஹில், செம்பூர் பகுதிகளிலுள்ள கடைகளுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பல ஆண்டுகள் அந்த வேலையை என் கணவரே செய்துவந்தார். 2023-ஆம் ஆண்டில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கையும் வலது காலும் செயலற்றுப் போயின. பேச்சும் நின்றது. பாஸ்டர் ஐயாவும் மூப்பர்களும் மருத்துவமனைக்கே வந்து, யாக்கோபு 5:14-ல் கற்பிக்கப்பட்டபடி எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். கர்த்தர் அவருடைய உயிரைக் காத்தார். இன்று கைத்தடியோடு நடக்கிறார். ஆனாலும் வலது கை இன்னும் எழும்பவில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து சொற்களே வாயிலிருந்து வருகின்றன. முழுச் சுகத்திற்காக இன்றும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். நான் ஓட்டக் கற்று, உரிமம் பெற்று, அவர் போன வழியிலே மாவைக் கொண்டுபோகிறேன்.

பச்சை அட்டைக் குறிப்பேடு

என் கணவர் வண்டியின் எண்ணெயைத் தாமே மாற்றுவார். மாற்றிய தேதியையும் அன்று வண்டி ஓடியிருந்த கிலோமீட்டரையும் பச்சை அட்டை போட்ட ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பார். எங்கள் வீட்டுக் கணக்கு 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம். கையேட்டில் கொடுத்திருக்கும் தூரம் அதைவிட அதிகம். ஆனால் பாரத்தோடு நின்று நின்று ஓடுகிற வண்டிக்கு அவ்வளவு நாள் விடலாகாது என்பது அவருடைய கொள்கை.

அந்தத் தூரம் நெருங்கியபோது, "மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமாங்க?" என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். இடக்கையால் கருவிப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து என் முன்பாக வைத்தார். செலவை மிச்சப்படுத்துவது மாத்திரம் அவருடைய நோக்கமல்ல என்று அவருடைய முகமே சொல்லிற்று. இந்த வீட்டில் தாம் அறிந்த ஒரு காரியத்தையாவது தாமே நடத்த வேண்டும் என்று அவர் விரும்பினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கைகள் என்னுடையவை, அறிவு அவருடையது

எண்ணெய் வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டிலின் மேல் 10டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும். முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாய் ஓடும் என்பதையும், இரண்டாம் எண் எஞ்சின் சூடேறிய பின் எவ்வளவு அடர்த்தியாய் நிற்கும் என்பதையும் காட்டும். அதோடு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.பி. என்ற குறியும் இருக்கும். கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கிளச்சும் அதே எண்ணெயில் மூழ்கியிருப்பதால் அவற்றிற்கு எம்.ஏ. வேண்டும். கியரில்லா ஸ்கூட்டரின் கிளச் எண்ணெயில் படாமல் தனியே இருப்பதால் அதற்கு எம்.பி. போதும். வழவழப்பு மிகுந்த எம்.பி. எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும். ஆகையால் கடைக்காரர் எடுத்துக்கொடுப்பதை அப்படியே வாங்காமல், வண்டியின் கையேட்டைப் பார்த்து வாங்குவதே நலம்.

வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். மிகவும் சூடாயிருந்தால் கை வெந்துபோகும். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கீழே பழைய தட்டு ஒன்றை வைத்து, மேலுள்ள எண்ணெய் மூடியைத் தளர்த்தினேன். பின்பு அடியிலுள்ள போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.

அந்த போல்ட் வண்டியின் அடியில் இருப்பதால், அதை நேராகக் கீழிருந்து நோக்குகிறவர் இடப்புறமாகத் திருப்ப வேண்டும். மேலிருந்து குனிந்து பார்க்கிறவருக்கோ அது வலப்புறமாகத் தோன்றும். முதன்முறையாகச் செய்கிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுவே. நாற்காலியில் அமர்ந்திருந்த என் கணவர் இடக்கை விரலைக் காற்றில் மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். நான் அவருடைய விரலைப் பார்த்தே திருப்பினேன். போல்ட் இளகியது. கரிய எண்ணெய் நூல் போல இறங்கிற்று.

கடைசிச் சொட்டு வடியும்வரை காத்திருந்து, போல்ட்டைத் துடைத்து, புது வாஷரைப் போட்டு, முதலில் விரல்களாலேயே திருகிவிட்டுப் பின்பு ஸ்பேனரால் இறுக்கினேன். ஸ்பேனரை இன்னும் அழுத்தப் போகையில் அவர் உள்ளங்கையை உயர்த்தி, "போதும்" என்றார். எஞ்சினின் கூடு அலுமினியம் ஆனபடியால் அளவுக்கு மீறி இறுக்கினால் மரை அழிந்துபோகும். அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான். எனக்கு அது ஒரு முழுப் பிரசங்கத்துக்குச் சமமாயிருந்தது.

எங்கள் வண்டிக்குக் கையேட்டில் குறித்திருந்த அளவு 700 மில்லி. அளந்து ஊற்றி, மூடியை மூடி, மறுபடியும் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் கீழிறங்கும்படி இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, அளவுக் குச்சியைத் துடைத்து விட்டுப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே எண்ணெய் நின்றது. குறைவாயிருந்தாலும் கேடு, மிகுதியாயிருந்தாலும் கேடு.

கறுத்துப்போனது ஏன்?

தட்டிலிருந்த எண்ணெயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேன் நிறத்தில் உள்ளே போனது மை போல வெளியே வந்திருந்தது. நிறம் கறுத்ததனாலே மாத்திரம் எண்ணெய் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. எரிபொருளின் கரியையும் தேய்ந்த உலோகத்தின் நுண்துகளையும் தன்னில் ஏந்திக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. உராய்வைக் குறைக்கிறது, சூட்டைக் கடத்துகிறது, அழுக்கைச் சுமக்கிறது, துருப்பிடியாமல் காக்கிறது. வண்டி சிக்னலில் சும்மா நிற்கும்போதே எஞ்சினின் அச்சு நிமிடத்திற்கு 1,500 முறைக்கு மேல் சுழல்கிறது. அத்தனை சுழற்சியிலும் இரும்போடு இரும்பு மோதாமல் இடையில் நிற்பது மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலமே.

ஆனால் அந்த எண்ணெய் நாளடைவில் தன் அடர்த்தியை இழக்கிறது. சிறிது சிறிதாய் எரிந்து குறைகிறது. இது ஓசையின்றி நடக்கிறது. எங்கள் வண்டியைப் போன்ற சிறு ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் குறைந்ததைக் காட்டும் விளக்கும் கிடையாது. வண்டி எப்போதும் போலக் கிளம்பும், எப்போதும் போல ஓடும். எஞ்சினில் சத்தம் கேட்கத் தொடங்கும் நாளிலோ உள்ளே தேய வேண்டியது தேய்ந்து முடிந்திருக்கும். அதனால்தான் சத்தத்திற்குக் காத்திராமல் கிலோமீட்டரைக் கணக்கு வைக்கிறோம்.

பழைய எண்ணெயைப் புனல் வைத்துப் பாட்டிலில் நிரப்பி, சேகரித்து அனுப்புகிற ஒரு கராஜில் கொடுத்தேன். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பழைய எண்ணெயையும் உள்ளடக்கியவை. அதைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்த முடியும். மும்பையின் மழைநீர்க் கால்வாய்களில் ஊற்றினால் அது ஓடைகள் வழியாகக் கடலுக்கே போகும். குர்லாவையும் தாராவியையும் ஒட்டி ஓடும் மித்தி நதியின் நிலையைக் கண்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறிப்பேட்டின் மறுபக்கம்

கிலோமீட்டரை எழுதுவதற்காகக் குறிப்பேட்டை எடுத்தேன். என் கணவருடைய கையெழுத்தில் வரிசையாகத் தேதிகள் இருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. குறிப்பேட்டைத் திருப்பியபோது, பின்பக்கத்திலும் அவர் எழுத்தைக் கண்டேன். 2022-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ முகாமில் அளந்த இரத்த அழுத்தம்: 160/100. அதன் கீழே "மாத்திரை, காலை" என்று எழுதி, நாள்தோறும் ஒரு கோடு போட்டிருந்தார். இருபத்தெட்டாம் கோட்டோடு அது நின்றுபோயிருந்தது.

நிறுத்தும்படி அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. தலைவலி நின்றது, கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று அவர் விசுவாசித்தார். அந்த நன்றியுணர்வில் மாத்திரையை விட்டுவிட்டார். எட்டு மாதம் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. இரத்த அழுத்தம் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. வலியில்லை, காய்ச்சலில்லை, ஓசையில்லை. பக்கவாதத்திற்கு அதுவே முதன்மையான காரணங்களில் ஒன்று.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். இடக்கையை அந்தக் கோடுகளின் மேல் வைத்து, "வண்டிக்குப் பார்த்தேன்" என்றார். அவ்வளவே. அதற்கு மேல் அவருக்குச் சொல் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அக்கினி கர்த்தருடையது, விறகு நம்முடையது

பிரியமானவர்களே, தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன். இன்றும் அதற்காக முழங்காலில் நிற்கிறேன். ஆனால் வேதத்தைத் திறந்து பாருங்கள். குஷ்டரோகியை இயேசு சுத்தமாக்கிய பின்பும், ஆசாரியனிடத்தில் போய்த் தன்னைக் காண்பிக்கும்படி அவனுக்குக் கட்டளையிட்டார் (மத்தேயு 8). மெய்யான சுகம் சோதித்துப் பார்க்கப்படுவதற்கு அஞ்சுவதில்லை. எசேக்கியா குணமாவான் என்று கர்த்தர் வாக்குக்கொடுத்த பின்பே, ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் பற்றுப்போடச் செய்தான் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் வந்தது, மருந்தும் வந்தது. ஒன்று மற்றொன்றைப் பகைக்கவில்லை.

லேவியராகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் பலிபீடத்தின்மேல் இறங்கிய அக்கினி கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்டது. மனிதன் மூட்டினதல்ல. ஆயினும் அந்தப் பீடத்தில் அக்கினி அணையாதபடி காலைதோறும் விறகிட வேண்டியவன் ஆசாரியன் என்று அதே புத்தகத்தின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அக்கினியை அனுப்பிய தேவன் விறகையும் வானத்திலிருந்து அனுப்பியிருக்கலாம். அவரோ அதை மனிதனுடைய கைகளில் ஒப்புவித்தார். காலைதோறும் இடுகிற விறகு அக்கினியின் மேல் நமக்குள்ள சந்தேகமல்ல. நாளைக்கும் அது எரிய வேண்டும் என்ற விசுவாசமே.

ஆகையால் உங்களை அன்போடு கேட்டுக்கொள்ளுகிறேன். சுகம் பெற்றேன் என்று சாட்சி சொல்லுகிறவர்கள் மருத்துவரிடம் தங்களைக் காண்பித்து, அழுத்தத்தை அளந்து, அவர் சொன்ன பின்பே மருந்தைக் குறைப்பார்களாக. முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஜெபித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட வேண்டும். வீட்டில் நோயினால் அமர்ந்திருக்கிறவர்களை ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்காமல், அவர்கள் அறிந்ததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய கைகள் ஓய்ந்திருக்கலாம், அவர்களுக்குள் தேவன் வைத்த அறிவு ஓயவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் குறிப்பேடு இப்போது இரண்டு பக்கமும் நிரம்பி வருகிறது. முன்பக்கத்தில் நான் கிலோமீட்டரை எழுதுகிறேன். பின்பக்கத்தில், காலை ஜெபம் முடிந்து மாத்திரையை விழுங்கியபின், என் கணவர் இடக்கையால் ஒரு கோடு போடுகிறார். கோடு வளைந்துதான் வருகிறது, ஆனாலும் ஒரு நாளும் தவறியதில்லை.

"அன்பின் பரம தகப்பனே, நீர் தந்த சரீரத்தையும் பிழைப்பையும் உண்மையாய்ப் பேணும் உக்கிராணத்துவத்தை எங்களுக்குத் தாரும். ஓசையின்றிக் குறைகிறவைகளைக் காணும் கண்களைத் தாரும். படுக்கையில் இருக்கிற உமது பிள்ளைகளைத் தொட்டு எழுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்."