நாலு மாதக் கஷாயம்

போன வாரம் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தூரத்து உறவு, இருபத்து நாலு வயது, என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள். அவள் அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். "கத்தி பட்டா பரவிடும், ஆபரேஷனே வேண்டாம்னு பாட்டி அழறாங்க பெரியம்மா. மாமா ஒரு வைத்தியரைப் பேசி வச்சிருக்கார். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். போனில் பேசினேன், மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறையிலோ கோவிந்தாபுரத்திலோ, மூணாறிலோ வண்டிப்பெரியாரிலோ, பெற்றவளுக்காக இப்படி ஒரு முடிவெடுக்க வேண்டி நிற்கிற எந்தப் பிள்ளைக்கும் இது ஆகும்.

கண்ணு, என் வலது மார்பை 2006-இல் எடுத்தார்கள். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட அன்று அது கொண்டைக்கடலை அளவுதான் இருந்தது. வலியே கிடையாது. வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பேன். டாக்டர் பார்த்து, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் போதும், மார்பு இருக்கும் என்றுதான் முதலில் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் இன்று என் உடம்பு வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான் வைத்தியரிடம் போனேன். ஏன் போனேன் என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது நாலு நிமிடம். வைத்தியர் அரைமணி நேரம் கேட்டார். நாடி பிடித்தார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், "கத்தி வேண்டாம் டீச்சரே, நான் கரைத்துத் தருகிறேன்" என்றார். பயந்து போனவளுக்கு அதைவிட இனிப்பான வார்த்தை எது? காலையும் மாலையும் கஷாயம், மார்பில் பச்சிலைப் பூச்சு, உப்பில்லாப் பத்தியம். முதல் மாதம் கட்டி இளகுவது போலவே இருந்தது. தினமும் விளக்கணைத்த பிறகு தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். மூன்றாம் மாதம் தோல் கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிந்தது. நாலாம் மாதம் அக்குளில் நெறி கட்டியது. கட்டி எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள் நான்.

என்னைத் திருப்பி அனுப்பியவரும் ஒரு வைத்தியர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பாலக்காட்டில் வயதான ஆயுர்வேத டாக்டர் ஒருவரிடம் பத்தியம் சரிதானா என்று கேட்கப் போயிருந்தேன். பார்த்தார், கையைக் கழுவினார், துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: அர்புதம் என்கிற கட்டியை அறுத்து எடுக்கச் சொன்னது சுஸ்ருதர்தான், மிச்சம் வைத்தால் திரும்ப வளரும் என்று எழுதிவைத்ததும் அவர்தான், இதற்கு நான் எண்ணெய் கொடுத்து அனுப்பினால் என் குருவுக்குத் துரோகம். அன்றைக்கே வண்டி பிடித்து வாளையாறு தாண்டி கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்தார். அவரும் வைத்தியர், முதலில் பார்த்தவரும் வைத்தியர். தன் கை எதுவரை போகும் என்று அறிந்தவரா என்பதைப் பார், கண்ணு.

முதலில் கீமோ, பிறகு முழு மார்பும் அக்குள் நெறிகளும், பிறகு இருபத்தைந்து நாள் கரண்ட். முடி போனதும் வாய் புண்ணானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மனசில் நிற்பது வேறு. விலாவிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் ஒரு டப்பா. பாவாடை நாடாவில் அதைக் கட்டிக்கொண்டு நடப்பேன். தினமும் காலையில் எவ்வளவு நீர் இறங்கியிருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். 140, 110, 80, 55 என்று குறையக் குறைய, பரீட்சை பேப்பரில் மார்க் ஏறுவது மாதிரி சந்தோஷம். குழாயை எடுத்த பிறகு கை மேலே தூக்க வராது. சுவரில் விரல்களை எறும்பு போல மேலே மேலே நடத்த வேண்டும். விரல் எட்டிய இடத்தில் என் மகள் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். சின்ன வயதில் அவள் உயரத்தைக் குறித்த அதே சுவர். வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டேன்.

பாட்டி அழுகிறார்கள் என்றாயே, அவர்களைக் கோபிக்காதே. கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு சும்மா வரவில்லை. அவர்கள் காலத்தில் கட்டி வெடித்து நாறிய பிறகுதான் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் ஈரலுக்கும் எலும்புக்கும் போயிருக்கும். அறுத்த ஆறு மாதத்தில் அவள் இறந்தால், பார்த்தவர்கள் கண்ணுக்குக் கத்திதான் தெரிந்தது. சதை எடுக்கிற ஊசியின் மேல் பழி விழுந்ததும் இப்படியே.

மார்பையே வழித்தெடுத்துவிடுவார்கள் என்ற இன்னொரு பயத்துக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் 1890-களில் பரப்பிய முறையில் மார்போடு நெஞ்சுச் சதையையும் அக்குளையும் சேர்த்து வழித்தெடுத்தார்கள். முக்கால் நூற்றாண்டு உலகமே அதைப் பின்பற்றியது. அவ்வளவு வேண்டுமா என்று கேட்டவர்களும் டாக்டர்கள்தான். இத்தாலியில் வெரோனேசி 1973-லும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-லும் பெண்களைப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பக்கம் முழு மார்பையும் எடுத்தவர்கள், மறுபக்கம் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தவர்கள். இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2002-இல் இரண்டு ஆய்வுக் குழுவும் முடிவைச் சொன்னது: உயிரோடிருப்பதில் வித்தியாசம் இல்லை. தாங்கள் செய்வது தப்போ என்று தங்களையே சோதித்துத் திருத்திக்கொண்டார்களே, எனக்கு ஆங்கில மருத்துவத்தின் மேல் மரியாதை வந்தது அதனால்தான். எனக்குக் கஷாயம் கொடுத்தவரிடம் இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் அவரிடம் நோட்டே இருந்திருக்காது.

அந்த நோட்டை வேறு ஊரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்கு. நோய் வேறு உறுப்புக்குப் பரவாத நிலையிலேயே மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோய்க்காரர்கள் இறக்கும் அபாயம், முறையான சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்தரை மடங்குக்கு மேல்.

மூணாறில் என் சின்னம்மா மகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். 2015 செப்டம்பரில் போனஸுக்காகவும் கூலிக்காகவும் தோட்டத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்று நாடே பேசியதே, அதில் ஒன்பது நாளும் அவள் இருந்தாள். சங்கத் தலைவர்களையே கிட்ட அண்டவிடாத கூட்டம் அது. அந்த ஒன்பது நாளும் ஜாக்கெட்டுக்குள் கட்டி இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட வாய் திறக்கவில்லை. தெரிய வந்தபோது முள்ளாத்தா இலையையும் லட்சுமி தரு இலையையும் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். கேரளம் முழுக்க அந்த இரண்டு இலையும் பறந்த நேரம். நான் மலையேறிப் போய்க் கெஞ்சினேன். "நீ அறுத்துக்கிட்ட, நான் முழுசாப் போறேன் அக்கா" என்றாள். அடுத்த ஓணத்துக்கு அவள் இல்லை.

நடிகர் ஜிஷ்ணு ராகவன் அதே இரண்டையும் எடுத்துப் பார்த்தவர். அவருக்குத் தொண்டையில். வேண்டியவர்கள் சொன்னார்கள் என்று எடுத்ததாகவும், கட்டி அடங்காமல் உயிருக்கே ஆபத்தாகிவிட்டதாகவும், இருக்கிற சிகிச்சைக்குப் பதிலாக இதை யாருக்கும் சொல்லமாட்டேன் என்றும் அவரே வெளிப்படையாகத் தெரிவித்தார். 2016 மார்ச்சில் இறந்துபோனார். நோயோடு போராடிய நேரத்திலும் மற்றவர்களை எச்சரித்த அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்டவள்.

இலை தழை எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். மார்புக்குக் கொடுக்கிற பாக்ளிடாக்ஸெல் ஒரு மரப்பட்டையில் கண்டுபிடித்தது. ஆனால் அதிலிருந்து வேண்டியதைப் பிரித்து, அளந்து, எவ்வளவு கொடுத்தால் கொல்லும், எவ்வளவு கொடுத்தால் காக்கும் என்று பார்த்த பிறகுதான் நரம்பில் ஏற்றுகிறார்கள். காய்ச்சின தண்ணீரில் அந்த அளவு ஏது? சிகிச்சை முடிந்த பிறகு தோள் பிடிப்புக்கு நானும் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். அறுத்த பக்கத்துக் கை வீங்கக்கூடியது, அதை அழுத்தித் தேய்க்க விடக்கூடாது. மஞ்சள் மாத்திரையோ பச்சிலையோ எதுவானாலும் சொல்லிவிட்டுச் சாப்பிடச் சொல், மருந்தோடு மோதுகிறவை உண்டு.

உன் அம்மாவின் ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். ஆபரேஷன் முதலிலா கீமோ முதலிலா என்பதற்கு அதையும் பார்ப்பார்கள். மார்பைக் காப்பாற்ற முடியுமா, அக்குளில் எல்லா நெறியையும் எடுக்க வேண்டுமா, ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்தால் போதுமா என்று கேள். தாளில் எழுதிக்கொண்டு போ. நாலு நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அந்த நாலு நிமிடமும் உன்னுடையதாக இருக்கட்டும். இன்னொரு டாக்டரிடமும் கேட்க ஆசையா, கேள், ஒரு வாரத்துக்குள் கேட்டு முடி. அறிகுறியோடு வந்தவளுக்கு அறுபது நாளுக்குள் நோய் இன்னதென்று தெரிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்களுக்கு அது தெரிந்துவிட்டது.

காசுக்கு மாமா தயங்குகிறார் என்று தோன்றுகிறது. கேரள அரசின் காருண்யா காப்பீட்டுக் கார்டு இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் நீங்கள் கோயம்புத்தூர் என்றால், கேரளத்துக் கார்டு அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று போகும் முன்பே போனில் கேட்டுவிடு. செல்லாது என்றால் திருச்சூர் மெடிக்கல் காலேஜ், திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. எல்லையில் இருக்கிற நமக்கு இந்த ஒரு தலைவலி எப்போதும் உண்டு.

பாட்டியிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கதவைச் சாத்திவிட்டு என் தழும்பைக் காட்டுகிறேன், இருபது வருடத்துத் தழும்பு. செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸுக்கு நீயும் அம்மாவும் தயாராக இருங்கள், கூட வருகிறேன். ரேஷன் கார்டு, ஆதார், ஸ்கேன் படம், சதைப் பரிசோதனை ரிப்போர்ட் நாலையும் ஒரே பையில் போடு. அம்மாவை முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்.