நாலு பக்கமும் சரி... மூலை?

மனை வாங்கப் போகிறீர்களா? லோன் பேப்பர், வில்லங்கச் சான்று, மாமனாரின் ஆசி எல்லாம் ரெடியா? சந்தோஷம். கூடவே ஒரு நூல்கண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே 60 அடி, தெற்கே 60, கிழக்கே 40, மேற்கே 40. ''2400 சதுர அடி, முழு கிரவுண்ட் சார்!'' என்பார் புரோக்கர். அந்த நாலு அளவும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்... எதிரெதிர்ப் பக்கங்கள் சமம். அதாவது, இணைகரம். அது செவ்வகமாக வேண்டுமானால் மூலை ஒவ்வொன்றும் 90 டிகிரி இருக்கணும். அதைப் பற்றிப் புரோக்கர் மூச்சு விடமாட்டார்!

பழைய கயிற்றுக் கட்டில் ஆட்டம் கண்டு ஒரு பக்கமாகச் சாயுமே, அதே கதை. சட்டங்களின் நீளம் குறையாது. படுக்கிற இடம்தான் குறையும். செவ்வகம் சாய்ந்தால் இணைகரம். சதுரம் சாய்ந்தால், பெயரிலேயே இருக்கிறது, சாய்சதுரம்.

அடியேன் பி.காம். டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆனால் நிம்மதியாகத் தூங்குகிற ரகம். ஆபீஸ் நண்பர் ஒருவர் மனை பார்க்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். நாலு பக்கமும் கச்சிதமாக டாலி! கூட வந்த மேஸ்திரி மட்டும் மூலைக்கு மூலை நூல் பிடித்தார். ஒரு பக்கம் 80 அடி, இன்னொரு பக்கம் 63.

''செவ்வகமா இருந்தா ரெண்டும் 72 அடி வரணும் சார். இது சாஞ்சுபோச்சு!''

கால்குலேட்டரைத் தட்டினேன். மூலை சுமார் 75 டிகிரி. 60 அடிப் பக்கங்களுக்கு நடுவே நேர்குத்தாக 38.6 அடிதான். பரப்பு சுமார் 2318 சதுர அடி. காணாமல் போனது 82! சதுர அடி 2000 ரூபாய் என்று பேச்சு. ஆக, 1,64,000 ரூபாய். நண்பருக்கு வியர்த்துவிட்டது. நல்லவேளை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

சூட்சுமம் இதுதான். குறுக்கே ஒரு கோடு போட்டால் நாற்கரம் இரண்டு முக்கோணமாகிவிடும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் அசையாது, சாயாது.

எதிர்ப் பக்கங்கள் சமம், மூலைவிட்டங்களும் சமம் என்றால் செவ்வகம். கூடவே நாலு பக்கமும் சமமானால் சதுரம். மூலைவிட்டம் மட்டும் சமம் என்று துள்ளாதீர்கள். சரிவகத்திலும் அப்படி வரலாம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மனைக்கு இந்த ஒரு பொருத்தம் பார்க்கக்கூடாதா, சார்?