பழைய கணினியும் பெரியம்மாவின் வீடும்

பழைய கணினி ஒன்றைக் கண்டவுடன், "இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்று சொல்வது எளிது. சொல்லுகிறவர் பணங் கொடுப்பதில்லை. எங்கள் நாரந்தனையிலே பல வீடுகளிற் கணினி என்பது, பிறர் பாவித்ததை யாழ்ப்பாணப் பட்டினத்திலே விலை பேசி வாங்கி, பண்ணைப் பாலங் கடந்து, பேருந்தில் மடிமீது வைத்துக் கொண்டுவந்த பொருள். அது பழுதாகும்வரை பயன்படவேண்டும். பழுதான பின்னருஞ் சிலகாலம் பயன்படவேண்டும்.

திரையிலே விளையாடிக்கொண்டே அவ்விளையாட்டை ஒளிப்பதிவு செய்வதில் இக்கால இளைஞர்க்குப் பெருவிருப்பம் உண்டு. அது வீண்பொழுது என்பர் பெற்றோர். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியே. எங்கள் வீட்டுச் செய்தி சற்று வேறு.

என் தங்கையின் மகன் உயர்தர வகுப்பு மாணவன். 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டிலே அவன் ஒரு வீடு கட்டினான். 2011ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்த அவ்விளையாட்டிலே, கனவடிவான கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எதனையும் எழுப்பலாம். கோட்டை கட்டுவோரும் கோபுரங் கட்டுவோரும் பலர். இவன் கட்டியது எங்கள் பெரியம்மாவின் நாற்சார் வீடு. 1990இல் போர் தீவகத்துக்கு வந்தபோது அவர் பூட்டிவிட்டுப் புறப்பட்ட வீடு அது. இன்று அவ்வளவில் எஞ்சி நிற்பவை இரண்டு சுவர்களுங் கிணறுமே. பெரியம்மா ரொறன்ரோவில் இருக்கிறார். வயது 86. விமானப் பயணம் கூடாதென்று வைத்தியர் தடுத்துவிட்டார். தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்லப் பையன் சங்கடப்படலை வைத்தான், திண்ணை வைத்தான், முற்றத்திலே துளசிமாடமும் வைத்தான். பின்னர், அந்த வீட்டினுள்ளே தான் நடந்துபோவதைப் பதிவு செய்து அனுப்பினான்.

பார்த்துவிட்டுப் பெரியம்மா சொன்னது இது: "ராசா, படம் கெந்திக் கெந்திப் போகுதடா. எனக்குத் தலை சுத்துது. வீட்டைக் காணேல்லை."

பையன் முகம் வாடிற்று. புதுக் கணினிக்கு வழியில்லை. இருப்பதோ 2013இல் வெளிவந்த இன்ரெல் ஐ3 வகைக் கணினி. நினைவகம் 4 கிகாபைற்று. ஆகவே, படம் கெந்துவதற்குக் காரணம் யாதென இருவருமாக ஆராயத் தொடங்கினோம்.

திரைப்படம் வினாடிக்கு 24 படங்களோடு ஒழுகிச் செல்கிறது. பையன் கேட்டதோ வினாடிக்கு 60 படம். அப்படியிருக்க இஃது ஏன் தடுமாறவேண்டும்? படங்களின் எண்ணிக்கையன்று, அவற்றின் இடைவெளியே காரியம். ஒரு வினாடியில் 60 படம், மறு வினாடியில் 22, அடுத்ததில் 41 என்று வந்தாற் கண் அதனைத் தடக்கல் என்றே கொள்ளும். 30 படமாயினும் ஒரே சீராக வருமாயின் எந்த மூதாட்டிக்குந் தலை சுற்றாது.

கணக்கையும் பாருங்கள். 1920க்கு 1080 என்னும் அளவிலே ஒரு படத்தில் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 3 பைற்று வீதம், வினாடிக்கு 60 படமென்றால் 373 மெகாபைற்று வருகிறது. 1280க்கு 720 என்று அளவைக் குறைத்து, படத்தையும் 30 ஆக்கினால் அது 83 மெகாபைற்று ஆகிறது. நாலில் ஒரு பங்குக்குங் குறைவு. கைபேசித் திரையிலே பார்க்கும் பெரியம்மாவுக்கு இவ்விரண்டிடையே வேற்றுமை தெரியப்போவதில்லை.

ஆயினும் 83 மெகாபைற்றையும் அப்படியே எழுதிவைத்தாற் பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 கிகாபைற்று வேண்டும். ஆதலாற் படத்தைச் சுருக்குகிறார்கள். முதலில் ஒரு முழுப்படம். அதன்பின் மாறிய பகுதிகள் மட்டும். இச்சுருக்கல் வேலையைக் கணினியின் மூளையாகிய புரொசசரே செய்யப் புகுந்தால், விளையாட்டுக்கு உழைக்க வேண்டிய மூளை இரண்டு எசமானருக்கு ஊழியஞ் செய்யவேண்டியதாகிறது. இன்ரெல் நிறுவனம் 2011 முதலே, சுருக்கலுக்கென்று தனியுறுப்பு ஒன்றைப் பல புரொசசர்களில் வைத்து வருகிறது. 'குவிக் சிங்க்' என்பது அதன் பெயர். எங்கள் பழம்பெட்டியினுள்ளும் அது வேலையின்றித் தூங்கிக்கொண்டிருந்தது! 'ஓ.பி.எஸ்.' என்னும் இலவசப் பதிவுச் செயலியின் அமைப்புப் பக்கத்திலே அதனைத் தெரிவு செய்தவுடன் பாதிப் பாரம் இறங்கிற்று.

மறுபாதி இறங்கியது விளையாட்டினிடத்தே. கட்டுப்படுத்தாவிடின் விளையாட்டு தன்னால் இயன்ற அளவு படங்களைத் தீட்டிக்கொண்டேயிருக்கும். பந்தியிலே முதலில் இருந்தவர் பாயசம் முழுவதையும் வாங்கிக்கொண்டாற் கடைசியில் இருப்பவர் என்ன செய்வார்? பதிவுச் செயலியின் நிலை அதுவே. படங்களை ஒன்றுசேர்ப்பதற்கு அதற்கும் வரைகலை உறுப்பிலே சிறிது இடம் வேண்டும். விளையாட்டுக்கு 60 என்று வரம்பிட்டோம், பதிவு 30. இரண்டில் ஒன்றை எடுப்பதால் இடைவெளி பிசகுவதில்லை. தூரத்துக் காட்சியைக் குறைத்தோம், மழையை நிறுத்தினோம். (நாரந்தனையிலே மழையை நிறுத்தக் கேட்பவன் விளையாட்டுக்காரன் ஒருவனாகத்தான் இருக்க முடியும்.)

இரண்டாவது வன்தட்டு வாங்கிப் பதிவை அதிலே எழுதவேண்டும் என்று பலர் இன்றுஞ் சொல்லுகிறார்கள். அது 1999இல் வந்த 'ஃபிராப்ஸ்' போன்ற செயலிகளின் காலத்து அறிவுரை. அவை அதிகஞ் சுருக்காமல் மலைபோல் எழுதின. இன்று வினாடிக்கு 6 மெகாபிற்று என்னும் வீதத்திலே சுருக்கி எழுதினால், வினாடிக்கு ஒரு மெகாபைற்றுங்கூட ஆகாது. பழைய வன்தட்டும் அதனைச் சிரமமின்றித் தாங்கும்.

மின்தடையைப் பற்றி எழுதாமற் போக முடியாது. 2022இல் இலங்கையிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை யார் மறப்பார்? இப்பொழுது அந்நிலை இல்லை. எனினும் காற்றடித்தால் மின் அறுவதுண்டு. வழக்கமான எம்.பி.4 கோப்பு, தன் அட்டவணையைப் பதிவின் முடிவிலேதான் எழுதும். நடுவிலே மின் அறுந்தால் அரைமணி நேரப் பதிவும் திறக்க முடியாத கோப்பாகிவிடும். எம்.கே.வி. கோப்போ, அறுந்த இடம்வரை பிழைத்திருக்கும். பதிந்து முடிந்தபின் அதே செயலியிலே, தரம் குறையாமல், அதனை எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மாணவர்கள் இதை ஒன்றையாவது நினைவிற் கொள்க.

இன்னொரு பகைவன் வெக்கை. சூடேறிய புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கள் பெட்டியைத் திறந்தபோது காற்றாடியிலே கடற்கரைத் தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. வர்ணத் தூரிகையால் அதனைத் துடைத்தோம். பதிவு வேலையையும் விடியற்காலம் ஐந்து மணிக்கு மாற்றினோம்.

இத்தனைக்கும் மேலாகப் பையன் தானே கண்டுபிடித்தது ஒன்றுண்டு. சட்டென்று திரும்பினால் திரை முழுவதும் மாறுகிறது. சுருக்குதற்கு மாறாத பகுதி எதுவும் எஞ்சாமையாற் படங் கலங்குகிறது. ஆகவே மெல்ல நடந்தான், வாசலில் நின்றான், ஒரு பக்கம் நிதானமாகத் திரும்பினான். கம்பூன்றிய ஒருவர் தம் வீட்டைப் பார்த்துப் பார்த்து நடப்பதுபோலவே இருந்தது அந்நடை.

பத்து நிமிடப் பதிவு, 450 மெகாபைற்று. அனுப்புவதற்கு ஓரிரவு பிடித்தது. மூன்று நாள் பெரியம்மாவிடமிருந்து பேச்சில்லை. நாலாம் நாள் அழைத்தார். ஒன்பது தரம் பார்த்தாராம். சுவாமியறை வாசலிலே படத்தை நிறுத்திவைத்துவிட்டு இருந்தாராம். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, "எல்லாஞ் சரி ராசா. கிணத்தடியிலை துலா மட்டும் மாறி நிக்குது. அது கிழக்குப் பக்கமெல்லோ நிண்டது" என்றார்.

பையன் இப்போது துலாவைப் பிடுங்கிக் கிழக்கே நட்டுக்கொண்டிருக்கிறான். நாளை ஐந்து மணிக்கு மறுபடியும் பதிவு.