ஒன்றரைச் சாண் வெளிச்சம்

சின்னமனூரைத் தாண்டினால் சாலைக்கு இரண்டு பக்கமும் வாழைதான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் அந்த வயல்களுக்கு நடுவே நிற்கிறது திசு வளர்ப்புக் கூடம். கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்துப் பாதியில் மனம் மாறியது போன்ற கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே தரும் ரப்பர் செருப்பை அடுத்த கதவில் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்ட வேண்டும். தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகக்கவசம், மேலுக்கு வெள்ளை அங்கி. வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மூன்றாவது கதவைத் திறந்ததும் குளிர் முதலில் காலைத்தான் பிடித்தது.

வளர்ப்பறை என்று யாரும் சொல்வதில்லை, ‘குரோத் ரூம்’தான். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டுகள், தட்டின் அடிப்பக்கத்தில் நாலடி டியூப் லைட் இரண்டிரண்டு. அதன் கீழே ஊறுகாய் பாட்டில் மாதிரியான கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் விரற்கடை உயரத்துக்குக் கலங்கிய ஜெல்லி, அதில் நாலைந்து வாழைக் கன்றுகள். கிராண்ட் நைன் ரகம். விவசாயிகள் வாயில் ‘ஜி-நைன்’. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத செடிக்கு, அச்சில் வார்த்த மாதிரி அதே வாழை இலை.

இந்த அறை ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. நாற்பதைத் தொடும் வயது. சேர்ந்த புதிதில் பாட்டில் கழுவினார். பிறகு கன்று வெட்டும் மேசை. இப்போது குரோத் ரூம். பதினோரு வருஷமாக இதே கூடம்தான். மற்றப் பெண்கள் ‘அக்கா’ என்கிறார்கள், மேலாளரும் அப்படித்தான். அங்கிப் பையில் வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டர், துடைக்கும் துணி, கண்ணாடியில் எழுதும் பேனா, கூடவே ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெட்டிய மூங்கில் குச்சி.

குச்சி எதற்கு? தட்டை ஏற்றி இறக்கி மாட்டும்போது டியூபுக்கும் பாட்டில் மூடிக்கும் நடுவே அது நிற்க வேண்டும்; அதுதான் கணக்கு. டேப் வைத்து அளந்தால் ஆகாதா என்று கேட்டேன். “டேப்ப பிடிக்க ரெண்டு கை வேணும் சார். இன்னொரு கையில பாட்டில் இருக்குமே” என்றார்.

மீட்டரை அவர் வைக்கும் விதம் இன்னும் நுட்பமானது. நான் டியூபுக்கு நேராகப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் அலமாரி மூலையிலிருந்து அடிப்பாகம் அறுத்த ஒரு பாட்டிலை எடுத்தார். மீட்டரின் வெள்ளைக் குமிழைத் தட்டில் வைத்து, அதன் மேல் அந்தப் பாட்டிலை மூடியோடு கவிழ்க்காமல் நேராக நிறுத்தினார். எண் சட்டென்று இறங்கியது. பிளாஸ்டிக் மூடியும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தானே இலைக்கு. “டியூப்ல எம்புட்டு எரியுதுன்னு தெரிஞ்சு நமக்கு என்னா ஆகப் போகுது? இது உக்காந்திருக்குற எடத்துல எம்புட்டு விழுதுன்னு பாக்கணும்.”

பொதுவாகத் திசு வாழைக்கு 2,000 முதல் 3,000 லக்ஸ், ஒரு நாளில் 16 மணி நேரம், 25 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொள்கிறார்கள். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். அதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. பாட்டில் கன்று எப்படி உயிர் வாழ்கிறது?

சர்க்கரையால். ஜெல்லியில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை போடுகிறார்கள். இலை தன் சாப்பாட்டைத் தானே சமைப்பது இங்கே பேருக்குத்தான். ஊட்டுகிற கை வேறு. மிச்ச உப்பும் சத்தும் பெரும்பாலும் முராஷிகேயும் ஸ்கூகும் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கலவைதான். உலகம் முழுக்க அதை ‘எம்எஸ் மீடியா’ என்கிறார்கள், சின்னமனூரிலும். அதே முராஷிகே 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தை வலியுறுத்தினார்: கன்று பெருகும் கட்டத்தில் வெளிச்சம் குறைவாக இருந்தால் போதும், மண்ணுக்குப் போவதற்கு முந்தைய கட்டத்தில் அதைக் கூட்ட வேண்டும். ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் டொயோகி கொசாய் இன்னும் ஒரு படி மேலே போனார். சர்க்கரையையே எடுத்துவிட்டு, வெளிச்சத்தையும் கரியமில வாயுவையும் கூட்டினால் பாட்டில் செடி தானே பிழைத்துக்கொள்ளும் என்று செய்து காட்டினார். நம் கூடங்களில் சர்க்கரை மூட்டை இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அக்கா இந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. ஆனால் வேர்விடும் பாட்டில்களை மட்டும் டியூபுக்கு நெருக்கமாக, மேல் தட்டுகளில் அடுக்கியிருந்தார். அந்தத் தட்டுகளில் குச்சியைச் சாய்த்துத்தான் நுழைக்க முடியும்.

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு இந்த அலமாரியில் செல்லாது. அது ஒற்றைப் புள்ளியாக எரியும் விளக்குக்கு உரியது. நாலடி நீளத்துக்கு எரியும் டியூபுக்கு அருகில் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிறது. வெள்ளைப் பூச்சு அடித்த தட்டும் பக்கத்து டியூபும் சேர்ந்தால் அந்த அளவுகூடக் குறையாது. ஆகவே விளக்கை ஓர் அங்குலம் ஏற்றி இறக்குவதில் பெரிய மாற்றம் வராது. வித்தியாசம் ஓரங்களில்தான். நடுவில் 3,000-ஐ ஒட்டிக் காட்டிய மீட்டர், தட்டின் கோடியில் 2,000-க்குக் கீழே போய்விட்டது. அங்கே நிற்கும் கன்றுகள் கழுத்து நீண்டு, வெளுத்து, பக்கத்து டியூபை எட்டிப் பார்ப்பது போல் சாய்ந்திருந்தன. வாரத்துக்கு ஒரு தடவை கோடியில் உள்ளதை நடுவுக்கும் நடுவில் உள்ளதைக் கோடிக்கும் மாற்றுகிறார்கள். பந்தியில் கடைசி இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று ஆளை மாற்றி உட்கார வைப்பது போல.

பழைய டியூபில் இன்னொரு சிக்கல். அது சாகும்வரை எரியும். ஆனால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். கண் அதற்குப் பழகிவிடுவதால் தெரியாது. முனை கறுத்த டியூப்களை எரியும்போதே கழற்றிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை சோக்கு. தட்டின் அடியில் சோக்கு சூடானால், அதன் மேலே உட்கார்ந்திருக்கும் பாட்டிலின் அடிப்பாகம் வெதுவெதுக்கும், ஜெல்லியிலிருந்து ஈரம் எழும்பும், மூடியில் வேர்த்து இலை மேல் சொட்டும். நனைந்தே கிடக்கும் இலை கண்ணாடி போல் ஆகி ஒன்றுக்கும் உதவாது. அதனால் சோக்குகளை எல்லாம் அறைக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பாதி தட்டுகளில் இப்போது எல்இடி வந்துவிட்டது. சோக்குப் பேச்சே கிடையாது.

எல்இடி என்றதும் ரோஜா நிற விளக்கு நினைவுக்கு வரும். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சுகிறது. அப்படியானால் அந்த இரண்டை மட்டும் கொடுத்தால் மின்சாரம் மிச்சம்தானே? நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு வெகு முன்பே செடி வளர்ப்பவர்கள் நீலமும் சிவப்பும் கலந்த இந்த ரோஜா நிறச் சேர்க்கையைப் பிடித்துக்கொண்டார்கள். கனடாவில் 2018-இல் கஞ்சா சட்டபூர்வமாகி, பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம் என்று ஆன பிறகு அங்கே நிலவறைகள் பலவற்றில் எரிவதும் இதே வகை விளக்குகள்தான். நாற்றுக்கு மேலே எத்தனை அங்குலத்தில் தொங்கவிடுவது என்று அவர்கள் போடும் கணக்கும், அக்காவின் குச்சியும் ஒரே கேள்விக்கான பதில்கள்.

ஆனால் ரோஜா நிற விளக்கின் கீழ் லக்ஸ் மீட்டர் காலை வாரிவிடும். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் பச்சை கலந்த மஞ்சளை அதிகம் பார்க்கும்; சிவப்பும் நீலமும் அதற்கு மங்கல். வேறொரு கூடத்தில் நடந்ததை மேலாளர் சொன்னார். புதிதாக ரோஜா நிற விளக்கு மாட்டினார்கள். மீட்டர் சில நூறுதான் காட்டியது. வெளிச்சம் பற்றவில்லை என்று விளக்கை இறக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, ஒருவழியாக 3,000 லக்ஸைத் தொட வைத்தார்கள். கண்ணுக்கு 3,000; இலைக்கு அது பல மடங்கு. கன்றுகள் வெளுத்துப்போயின. இலைக்கு விழும் ஒளித்துகள்களை நேராக எண்ணும் மீட்டர் இருக்கிறது, விலைதான் கடிக்கிறது. சாதாரண வெள்ளை டியூப் என்றால் லக்ஸை 74-ஆல் வகுத்து அந்த மீட்டர் காட்டும் மைக்ரோமோல் கணக்குக்கு வந்துவிடலாம்: 3,000 லக்ஸ் சுமார் 40. வெயிலுக்கு 54-ஆல் வகுக்க வேண்டும். ரோஜா நிறத்துக்கு அப்படி ஒரு பொது எண்ணே கிடையாது.

இந்தக் கூடத்திலும் இரண்டு அலமாரிகளுக்கு அந்த விளக்கை வாங்கிப் பார்த்தார்களாம். கழற்றச் சொன்னது அக்கா. காரணம் செடி இல்லை.

குரோத் ரூமில் முக்கிய வேலை வெளிச்சம் பார்ப்பதைவிடக் ‘கண்டாமினேஷன்’ பார்ப்பது. பூஞ்சை வந்தால் பஞ்சு போல் தெரிந்துவிடும். பாக்டீரியா அப்படி இல்லை. கன்றின் அடியைச் சுற்றி ஜெல்லிக்குள் பால் சிந்தியது போல் மெல்லிய மூட்டம். பாட்டிலைச் சாய்த்து, டியூபுக்கு எதிரே பிடித்து, ஒரு நொடியில் கண்டுபிடிக்க வேண்டும். தவறவிட்டால் அந்தப் பாட்டில் அடுத்த சுற்றுக்கு வெட்டும் மேசைக்குப் போய், கத்தி வழியாகப் பத்துப் பாட்டிலைக் கெடுக்கும். ரோஜா வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரிகிறது, வெள்ளை மூட்டம் கண்ணிலேயே படுவதில்லை. “நாலு மணி நேரம் அதுக்குள்ள நின்னா வெளிய வந்து சோத்தப் பாத்தாலும் பச்சையாத் தெரியுது சார்” என்றார் உடன் நின்ற இளம்பெண். இப்போது இருக்கும் எல்இடி எல்லாம் வெள்ளைதான். இலைக்கு அதனால் நட்டமும் இல்லை: பச்சை ஒளியையும் இலைகள் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே பயன்படுத்துகின்றன என்று ஆய்வாளர் மெக்ரீ 1972-லேயே அளந்து வெளியிட்டுவிட்டார். பச்சை வீண் என்ற பேச்சு ஏன் இன்னும் விளம்பரங்களில் உயிரோடு இருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

விளக்கு எரியும் நேரமும் அப்படித்தான் முடிவாகியிருக்கிறது. இரவில் எரிய விட்டுப் பகலில் அணைத்தால் ஏசி செலவு குறையும். ஆனால் அப்போது பாட்டில் பார்க்கும் பெண்கள் இரவில் வர வேண்டும். கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு. காலை 5 மணிக்கு எரிந்து இரவு 9-க்கு அணைகிறது.

பக்கத்து அறையில் ஒரு டஜன் பெண்கள் கண்ணாடிப் பெட்டி மேசைகளில் கை நுழைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வடிகட்டிய காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது, பேசக் கூடாது, வளையல் போடக் கூடாது. தோட்டத்திலிருந்து வந்த ஓர் ஈட்டிக் கன்றை உரித்து உரித்துக் குருத்து வரை போய், அதைப் பிளந்து, மாதம் ஒரு முறை பிளந்ததைப் பிளந்து பெருக்குகிறார்கள். முடிவில்லாமல் பிளக்க முடியாது. சுற்று கூடக் கூடக் குள்ளமும் கோணலுமாக மாறிய கன்றுகள் கிளம்பும். கன்றில் வைரஸ் இல்லை, ரகம் மாறவில்லை என்று சான்று தரும் முறையை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் கொண்டுவந்தது அதனால்தான்.

மின்வெட்டு? 2012-ஐ இன்னும் மறக்கவில்லை. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத வருஷம். இருட்டுக்குக் கன்று அசரவில்லை, சர்க்கரை இருக்கிறதே; மூடிய அறையின் புழுக்கம்தான் கொன்றது என்கிறார்கள்.

பின்பக்கம் போனால் வேறு உலகம். பாட்டிலை உடைக்காமல் கன்றைச் சாய்த்தெடுத்து, வேரில் ஒட்டிய ஜெல்லியைக் கழுவி, தென்னைநார்த் தூள் நிரப்பிய குழித்தட்டில் நடுகிறார்கள். இங்கேதான் வெளிச்சம் நிஜமான தொழிலாகிறது. 40 மைக்ரோமோலில் 16 மணி நேரம் நின்ற கன்றுக்கு ஒரு நாளில் கிடைத்தது சுமார் 2.3 மோல். வெளியே நல்ல வெயில் நாளில் 40 மோல் வரை கொட்டுகிறது. பாட்டிலில் இரண்டரை வாரம் வாங்கிய வெளிச்சம் வெளியே ஒரே நாளில். அதுவும் பாட்டில் இலைக்கு மெழுகுப் பூச்சு சரியாக வந்திருக்காது, இலைத் துளைகளுக்கு மூடத் தெரியாது. காற்றில் வைத்த அரை மணியில் தொங்கிவிடும்.

அதனால் முதல் நாலைந்து வாரம் பிளாஸ்டிக் கூடாரம், உள்ளே பனிப்புகை போல் ஈரம், மேலே இரண்டு அடுக்கு நிழல்வலை. இந்தப் பகுதியைப் பார்ப்பவர் அறுபதை நெருங்கும் ஒருவர். முன்பு தார் வெட்டியவர். அவரிடம் மீட்டர் இல்லை. “பாட்டில்ல வந்த எலைய நம்பக் கூடாது. அது போயிரும். இங்க வந்து ரெண்டு புது எலை விடட்டும், அப்பறம் ஒரு வலைய உருவலாம்” என்கிறார். பழைய இலை திருந்துவதில்லை, புதிய வெளிச்சத்தில் பிறந்த இலைதான் அதைத் தாங்கும் என்று பாடப்புத்தகம் சொல்வதும் இதையேதான். பிறகு பாலித்தீன் பைக்கு மாற்றி, பாதி வெயிலை மறிக்கும் ஒற்றை வலையின் கீழ் இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம்.

அந்த வலையின் கீழ் நின்ற கன்றுகளின் இலையில் வெற்றிலை எச்சில் துப்பியது போல் கருஞ்சிவப்புத் திட்டுகள். நோயா என்று குனிந்து பார்த்தேன். பெரியவர் சிரித்தார். எல்லா விவசாயியும் முதல் தடவை இதைத்தான் கேட்பார்களாம். இந்த வகை வாழையின் திசுக் கன்றுக்கு இளம் பருவத்தில் அது இயல்பு, வளர்ந்தால் மறையும். திட்டு நன்றாக விழுந்தால் கன்று வெயிலைப் பழகிக்கொண்டது என்று அவர் கணக்கு வைத்திருக்கிறார். வலையின் கோடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடந்த இரண்டு வரிசையில் திட்டே இல்லை. அவற்றைக் காலால் தள்ளாமல், ஒவ்வொரு பையாகத் தூக்கி வெளிச்சத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ஒரு மினி லாரி வந்தது. ஏக்கருக்கு ஆகும் 1,200 கன்று. வண்டிக்காரர் உடனே ஏற்றச் சொன்னார். பெரியவர் கேட்கவில்லை.

“அஞ்சு மணிக்கு மேலதான். இப்ப ஏத்துனா போற வழியில வதங்கிரும்.”

“போயி நாளைக்கு அதே வெயில்லதானண்ணே நிக்கப் போகுது?”

“வேர் மண்ணுல இருந்தா நிக்கும். தம்பி, ஒங்க மொதலாளி சணப்பு வெதச்சிருக்காரா, கேளு.”

வாழை வரிசைகளுக்கு நடுவே சணப்பு விதைத்தால் முதல் மாதம் அது நிழல் தரும், பிறகு மடக்கி உழுதால் உரம். வண்டிக்காரர் போனை எடுத்து அழைத்தார். மறுமுனையில் யாரோ ஏதோ சொல்ல, பெரியவர் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். பெரியவர் ஒன்றும் பேசாமல் கழற்றி வைத்திருந்த பழைய நிழல்வலைச் சுருள் ஒன்றை இழுத்து வந்து லாரியின் பின்பக்கத்தில் போட்டார்.