சேற்றில் பிழிந்த கடல்

நீரின் ஆக்சிஜன் விகிதத்தை அளக்கும் லேசர் கருவிக்கு உப்பு ஆகாது. ஊசியிலிருந்து விழும் துளி சூடான அறையில் ஆவியாகிறது. உப்பு அங்கேயே வெள்ளையாகப் படிகிறது. போன துளியின் ஈரம் கொஞ்சம் உள்ளே தங்கி, அடுத்த அளவீட்டிலும் தலைகாட்டும். அதனால் ஒரே நீரை ஆறு முறை செலுத்தி, முதல் மூன்றைத் தள்ளிவிடுவோம். கையில் இருப்பதே அரை மில்லிலிட்டர் என்றால் தள்ள மனசு வருமா?

அந்த அரை மில்லிக்காகக் கப்பல் போயிருக்கிறது. ஆழ்கடல் தரையைத் துளைத்து, சேற்றை எஃகு உருளையில் வைத்துப் பிழிந்து எடுத்த நீர் அது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கியிருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். கடலிலிருந்து போன நீரோடு இலேசான ஆக்சிஜன்-16 பனியில் முடங்கிவிட, கடலில் கனமான ஆக்சிஜன்-18 மிகுந்தது. அந்தக் கடலின் சாயல், மங்கலாகத்தான், சேற்றின் இடுக்குகளில் இன்னும் இருக்கிறது. டேனியல் ஷ்ராக் குழு 1996இல் அதைப் படித்துச் சொன்னது: ஆக்சிஜன்-18இன் விகிதம் ஆயிரத்தில் 1 பங்குபோலக் கூடியிருந்தது. கடலின் விகிதமும் குளிரும் சேர்ந்து பதிந்த நுண்ணுயிர் ஓடுகளில் தெரியும் மாற்றத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது குளிர். ஆழ்கடல் உறைநிலையை ஒட்டிக் கிடந்திருக்கிறது.

லேசர் வருமுன் எப்ஸ்டைனும் மயேடாவும் 1953இல் எழுதிய முறைதான் எங்கும். நீரோடு கார்பன் டை ஆக்சைடை அடைத்து, 25 டிகிரியில் மணிக்கணக்கில் ஆட்டவேண்டும். ஆக்சிஜன் இடம் மாறும். வாயு மட்டும் நிறை நிறமாலைமானிக்குப் போகும், உப்பு குப்பியிலேயே நிற்கும். தோஷிகோ மயேடா, வேதியியலாளர் யூரேயின் சிகாகோ ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவத்தான் முதலில் சேர்ந்தார். உப்புநீருக்கு அவருடைய முறையைத்தான் இன்றும் நம்புவேன், நேரம் எவ்வளவு தின்றாலும்.

அதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. சோடியம் குளோரைடு ஆக்சிஜனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மக்னீசியமும் கால்சியமும் கன ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கடல்நீரில் இது சொற்பம். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரை அளந்தால் திருத்தம் போட்டே ஆகவேண்டும். சோஃபர், காட் இருவரும் 1972இலேயே அதை எழுதிவிட்டார்கள்.

ஆக, உப்பைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது தளர்ந்த மூடி. ஆவியாகும்போது இலேசானது முந்திக்கொண்டு போகும், கனமானது மிஞ்சும். அரை மில்லியில் சிறிது போனாலும் நேற்று மொண்ட கடல்நீர் பனியுகக் கடல்நீராக வேஷம் கட்டிவிடும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, குப்பி வந்தவுடன் எடைபோட்டு எழுதிவையுங்கள். திறக்குமுன் இன்னொரு முறை எடைபோடுங்கள்.