தாத்தாவின் மோட்டாருக்கு என்ன நிறம்?

சரித்திரம் போதிக்கிற உபாத்தியாயன் தன் வீட்டுச் சரித்திரத்தில் ஏமாறக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் ஏமாந்துதான் போனேன். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நாற்பது வருஷம்.

திருத்தணிகை மலையடிவாரத்தில் எங்கள் வீடு. பின்கட்டில், ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையாயிருந்து பிறகு மோட்டார்க் கொட்டகையாக உத்தியோக உயர்வு பெற்ற இடம் ஒன்று உண்டு. அதில் 1953-ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்று, சக்கரங்கள் மண்ணில் பதிய, முப்பது வருஷமாகத் தவம் செய்துகொண்டிருந்தது. எல். எம். பி. படித்த டாக்டராகிய என் தாத்தாவின் வண்டி அது. சென்னை மவுண்ட் ரோடில் தாத்தா அதைப் புத்தம் புதிதாக வாங்கி, நேரே ஊருக்கு ஓட்டி வந்து, சரவணப் பொய்கைக் கரையில் தேங்காய் உடைத்தார் என்பது எங்கள் குடும்பத்தின் ஸ்தல புராணம். புராணத்தைச் சொன்னவர் என் தகப்பனார். வண்டி வந்த வருஷத்தில் தகப்பனாருக்கு வயது ஒன்று என்பதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

2021-ஆம் வருஷம் ஜூலையில், ஐம்பது வயது கடந்த மோட்டார்களைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ளலாமென்று மத்திய சர்க்கார் விதி செய்தார்கள். தகப்பனார் அப்போது காலமாகிவிட்டார். வண்டியைச் செப்பனிட்டுப் பதிவு செய்வதென்று தீர்மானித்து மனுக் காகிதத்தை எடுத்தேன். அதில் 'வர்ணம்' என்று ஒரு கேள்வி இருந்தது. அங்கேதான் வந்தது வினை.

கண்ணுக்குத் தெரிந்த நிறம் பாலேட்டு மஞ்சள். அது 1977-இல், என் பெற்றோரின் கலியாணத்துக்காகப் பூசியது. அதற்கு முன் கறுப்பு என்று தகப்பனார் அடித்துச் சொல்வார். புத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையோ சாம்பல் நிறம் என்பாள். இந்த வழக்கு டெலிபோனில் பல வருஷம் நடந்தது. இருவரும் ஒருவரையொருவர், "உனக்கு ஞாபக சக்தி போய்விட்டது" என்று சொல்லி முடிப்பார்கள்.

மூலம் இங்கிலாந்தில் இருக்கும், அங்கே கேட்போம் என்று நினைத்தேன். நம்முடைய எந்தச் சங்கதிக்கும் மேல் கோர்ட்டு அங்கே இருப்பதாக நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது அல்லவா?

மோரிஸ் மைனர் பிறந்தது ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில், 1948-இல். அதை அமைத்தவர் ஸ்மிர்னாவில் பிறந்த அலெக் இஸிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கித் தெரிகிறதென்று அதை நெடுக இரண்டாய் அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தாராம். அந்த நாலு அங்குலத்தின் அடையாளமாக பானட்டின் நடுவே தட்டையான பட்டை ஒன்று ஓடுவதை இன்றும் காணலாம். முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு வண்டியைப் பிடிக்கவில்லை. ஓட்டை உடைத்து வெந்நீரில் அவித்த முட்டைக்கு அதை ஒப்பிட்டார். பிரபுவின் ரஸனை எப்படியிருந்தாலும், 1961 பிறப்பதற்குள் அந்த முட்டை பத்து லட்சம் உற்பத்தியாகிவிட்டது. எங்களுடையது 1952-இல் வந்த இரண்டாவது வரிசை, 803 ஸி. ஸி. என்ஜின்.

அந்த வரிசை வண்டிகளின் தகட்டில் நம்பருக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். மூன்றாவது எழுத்து நிறத்தைச் சொல்லும்: ஏ என்றால் கறுப்பு, ஈ என்றால் பச்சை. துருவைத் தேய்த்து எங்கள் தகட்டைப் படித்தபோது, அங்கே எந்த நிறத்துக்கும் உரிய எழுத்து இல்லை. அடுத்து வந்த இலக்கம் 5. வண்டியாக வராமல், வலப்பக்க ஸ்டியரிங்குடன் உதிரிகளாகப் பெட்டியில் வந்தது என்று அதற்குப் பொருள். வார்விக்ஷயரில் கேய்டன் என்னுமிடத்தில் உள்ள மோட்டார்க் காட்சிசாலையார், பழைய உற்பத்திப் பேரேடுகளைப் பார்த்து அத்தாட்சிப் பத்திரம் தருகிறார்கள். கட்டணம் கட்டி எழுதினேன். அழகான பத்திரம் வந்தது. நிறத்தைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் நியாயமில்லை. பெட்டியில் வந்த வண்டியை இங்கேதான் பூட்டினார்கள். இங்கேதான் வர்ணமும் பூசினார்கள். எங்கள் மோட்டாரின் ஆதி நிறத்தை இங்கிலாந்து கண்டதே இல்லை!

அப்புறம் அரக்கோணத்திலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். காகிதத்தை நம்பாதவர். பானட்டின் ஓரத்தில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தார். அறுத்த மரத்தில் வளையம் தெரிவதுபோல் வர்ணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மேலே பாலேட்டு மஞ்சள், அதனுள் கறுப்பு, அதனுள் சாம்பல். அண்ணனும் தங்கையுமல்ல, அக்காளும் தம்பியும் போட்ட சண்டையில் இரண்டு கட்சியும் ஜயித்தது! ஆனால் சாம்பலுக்கும் உள்ளே, பிரைமரை ஒட்டி, ஒரு கரும் பச்சை இருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. பெயிண்டர் தின்னரில் பஞ்சைத் தோய்த்து ஒற்றினார். பச்சை பஞ்சில் ஏறிக்கொண்டது. "சூளையில் சுட்ட பெயிண்டு கரையாது, ஸார். இது துப்பாக்கியில் அடித்த ஸெல்லுலோஸ். முதல் பூச்சு இதுதான்" என்றார்.

அன்றிரவு தகப்பனாரின் பீரோவைத் திறந்து வண்டியின் பதிவுப் புஸ்தகத்தை எடுத்தேன். அவர் இருந்தவரையில் அதை எவரும் தொட்டதில்லை. முதல் பக்கத்தில் 1953-ஆம் வருஷத்து முத்திரை: சென்னை ராஜ்யம், சித்தூர் ஜில்லா. அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதி எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று. 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னைக்கே திரும்பி, செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்தது. ம. பொ. சி.யும் மங்கலங்கிழாரும் பட்ட பாடு, படாஸ்கரின் தீர்ப்பு எல்லாம் நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற விஷயந்தான். ஆனால் கொட்டகையைவிட்டு நகராமலே ஒரு மோட்டார் இரண்டு முறை ராஜ்யம் மாறியதை, மை மங்கிய முத்திரைகளில் பார்ப்பது வேறு. நிற்க. முதல் பக்கத்தில் சொந்தக்காரர் என்று இருந்த பெயர் என் தாத்தாவுடையதல்ல. தாத்தாவின் பெயர் 1957-இல் வருகிறது.

நெடுநேரம் புஸ்தகத்தை மூடாமலே உட்கார்ந்திருந்தேன். பழைய வண்டி வாங்குவது குற்றமா? இல்லை. ஆனால் அந்தப் புஸ்தகத்தில் எத்தனையோ முறை கையெழுத்திட்ட என் தகப்பனாருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மறுநாள் பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனேன். அத்தைக்கு எண்பத்தைந்து வயது. 1959-இல் ஒரே ஜில்லாவுக்குள் கொடுத்த பெண், மறு வருஷமே வேற்று ராஜ்யத்துக்காரியாகிவிட்டவள். பச்சை என்ற வார்த்தையைக் கேட்டதும் சிரித்தாள்.

"ஏண்டா, புது வண்டி என்று உன் தாத்தா எப்போதடா சொன்னார்? உன் அப்பன் பள்ளிக்கூடத்தில் அளந்து, கடைசியில் அவனே நம்பிவிட்டான். அது ஒரு லேவாதேவிக்காரருடைய வண்டி. பச்சை மோட்டார் வருகிறது என்றால் சுற்றுப்பட்டிக் கிராமங்களில் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கொல்லை வழியாக ஓடுவார்கள். தாத்தா அதை வாங்கிக்கொண்டு வைத்தியத்துக்குப் போனார். அவருக்கும் கதவைச் சாத்தினார்கள்! ஒரு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி துடிக்கிறாள். திண்ணையில் ஒருவரும் இல்லை. தாத்தா தெருவில் நின்று, 'நான் டாக்டர், நான் டாக்டர்' என்று கத்தினாராம். அந்த வாரமே வர்ணத்தை மாற்றிவிட்டார்."

"அந்தப் பெண்?"

"பிழைத்தாள். குழந்தைதான் இல்லை."

கறுப்பின் கதை சிறியது. 1961-இல் ஒரு கட்டை வண்டி மட்கார்டை நசுக்கியது. ஒட்டுத் தெரியாமல் பூசக் கறுப்பே சுலபம் என்று பூசிவிட்டார்கள்.

பழைய மோட்டார்களில் பிரியமுள்ள சிநேகிதர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து பார்த்தார். பந்தயத்துக்கு நிறுத்தினால் முதல் வர்ணத்துக்குத்தான் மார்க்கு, பச்சையே பூசுங்கள் என்றார். அவர் சொல்வதும் நியாயமே. ஆதாரத்தைப் பார்த்தால் பச்சைதான். மனுவில் நான் 'சாம்பல்' என்று எழுதினேன்.

பெயிண்டர் பானட்டில் தெரிந்த சாம்பலை வைத்து வர்ணம் கலந்திருந்தார். புத்தூரிலிருந்து அத்தையை அழைத்துவந்து காட்டினேன். "இதுவல்ல. இது ஈயப் பாத்திரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். ஊரில் அதற்கு விபூதி வண்டி என்று பெயராம். இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினாள். பெயிண்டர் ஒரு சிட்டிகையை டப்பா மூடியின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு கதவின் உட்புறத்து அட்டையைக் கழற்றினார். அங்கே வெயிலே படாத ஒரு சாண் இடத்தில், பழைய சாம்பல் விபூதியைப் போலவே வெளுத்து இருந்தது.

"கொஞ்சம் வெள்ளை சேர்க்கணும்" என்று அவர் டப்பாவைக் கலக்கத் தொடங்கினார். அத்தை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.